வால்வினையியல்: ஆங்கிலேயர் உடம்பும் அதன் ஒட்டுச்சொற்களும் குறித்த முதற்கட்ட ஆய்வு

ஆங்கிலேயனின் உடம்பில் மொத்தம் ஐந்தே உறுப்புகள்: அப், டவுன், இன், அவுட், ஆஃப். கண், மூக்கு, தோள், முதுகு என்று நாம் எண்ணிப் பழகியவையெல்லாம் இந்த ஐந்துக்கும் எடுபிடி வேலை பார்க்கும் சதைத் துண்டுகள். இக்கட்டுரை நிறுவப் புகும் கருத்து இதுவே. கேட்டவுடன் துடுக்காகத் தோன்றலாம். ஆனால் ஆங்கிலத்தில் உடல்மொழியைச் சொல்லும் வினைகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பவர்க்கு வேறு முடிவு கிட்டாது. 'லுக்' என்றால் பார். அதில் கண் இருக்கிறது. கோபமா, கூச்சமா, மரியாதையா என்ற தகவல் எதுவும் இல்லை. பின்னால் ஓர் ஒட்டுச்சொல் வந்து சேர்ந்த பிறகே அந்தப் பார்வைக்கு உயிர் வருகிறது. 'லுக் அவே' என்றால் கூச்சமோ குற்றவுணர்ச்சியோ இருக்கிறது. 'லுக் டவுன் ஆன்' என்றால் இளக்காரம். 'லுக் அப் டு' என்றால் மதிப்பு. 'லுக் இன் ஆன்' என்றால் போகிற வழியில் தலையைக் காட்டி நலம் விசாரித்தல். நான்கிலும் கண் ஒன்றேதான். ('அவே' ஐந்தில் இல்லையே என்று கேட்பவர்க்கு: அது 'ஆஃப்' என்பதன் பங்காளி, தனியாகக் குடும்ப அட்டை கிடையாது.)

கலைச்சொல்லை முதலில் தீர்த்துவிடுவோம். 'பிரேசல் வெர்ப்' என்பதைச் சொற்றொடர்வினை என்பர் ஒருசாரார். கூட்டுவினை என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒரே நூலகத்தில் உட்கார்ந்து ஒருவர் நூலை ஒருவர் திறக்காமல் எழுதுவதால் வழக்கு இன்னும் தீரவில்லை. இக்கட்டுரை இரண்டையும் விலக்கி வால்வினை என்ற சொல்லை ஆள்கிறது. வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்காமல், வந்த விருந்தாளிகள் முன்னால் மானத்தை வாங்குவதால் வால் எனப்பட்டது, காரணப்பெயர். ஏற்கெனவே இரண்டு பெயர் இருக்க மூன்றாவது எதற்கு எனின், புதிய கலைச்சொல் ஒன்றாவது இல்லாத ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்க.

வரலாறு சுருக்கமானது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சின்னச் சொல்லைச் சேர்த்துப் பொருளைப் புரட்டும் இந்தப் பழக்கம்தான் அயலார்க்குப் பெருந்தொல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார். லோகன் பியர்சல் ஸ்மித் 1925-இல் 'வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்' என்ற நூலில் 'பிரேசல் வெர்ப்' என்ற பெயரை வழங்கினார். அதுவும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்தது என்றார். தொல்லை என்று தெரிந்ததற்கும் தொல்லைக்குப் பெயர் வைத்ததற்கும் இடையில் 170 ஆண்டு. அதுவரை பெயரில்லாமலே தோளைக் குலுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பின்னாளில் லெனர்ட் டால்மி என்ற மொழியியலார் உலக மொழிகளை இரண்டாகப் பிரித்து, அசைவின் திசையை வினைக்குள்ளேயே அடக்கும் மொழிகள் ஒருபுறம், வெளியே தொங்கவிடும் மொழிகள் மறுபுறம் என்று வகுத்தபோது, தொங்கும் சொல்லுக்குத் துணைக்கோள் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இது பொருந்தாது. துணைக்கோள் என்பது கோளைச் சுற்றும். இங்கோ கோளே துணைக்கோளின் பின்னால் அலைகிறது.

இனிச் சான்றுகள். முதலில் 'அப்'. ஜார்ஜ் லேகாஃப், மார்க் ஜான்சன் இருவரும் 1980-இல் எழுதிய உருவகம் பற்றிய நூலில் மகிழ்ச்சி மேலே இருக்கிறது, துயரம் கீழே இருக்கிறது என்றனர். காரணமும் உடம்புதான்: சோகத்தில் உடம்பு தொய்கிறது, மகிழ்ச்சியில் நிமிர்கிறது. 'சியர் அப்' என்றால் உற்சாகமடை. 'பெர்க் அப்' என்றால் சோர்வு நீங்கி நிமிர். 'லைட் அப்' என்றால் முகம் மலர்தல். மூன்று எடுத்துக்காட்டோடு நிறுத்திக்கொண்டால் கொள்கை அழகாக நிற்கும். பெரும்பாலான கொள்கைகள் அவ்வாறுதான் நிற்கின்றன. நான்காவதைத் தொட்டால் சரிகிறது. 'சோக் அப்' என்றால் தொண்டை அடைத்துப் பேச முடியாமல் நிற்றல். 'டென்ஸ் அப்' என்றால் உடம்பு விறைத்துப்போதல். 'கிளாம் அப்' என்றால் வாயை இறுக மூடிக்கொள்ளுதல். 'கிராக் அப்' என்றால் குபீரென்று சிரித்தல். அதே 'கிராக் அப்' மனம் நொறுங்கிப்போதலையும் குறிக்கும். வயிறு குலுங்கச் சிரிப்பவனையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டியவனையும் ஒரே வாலால் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே 'அப்' என்பது மேல் என்னும் திசையைக் குறிக்காது. ஏதோ ஒன்று விளிம்புவரை வந்துவிட்டது என்பதையே குறிக்கும். வந்தது மகிழ்ச்சியா, அழுகையா, காலையில் சாப்பிட்டதா என்பதை இடம் நோக்கி உணர்க.

காலையில் சாப்பிட்டது என்றது வீண் பேச்சன்று. 'ஹி த்ரூ அப் ஹிஸ் ஹேண்ட்ஸ்' என்றால் ஒருவர் இனி என்னால் ஆகாது என்று இரு கையையும் மேலே வீசினார் என்பது பொருள். இதில் 'ஹிஸ் ஹேண்ட்ஸ்' என்பதை விட்டுவிட்டால் அவர் வாந்தி எடுத்தார் என்றாகும். கையை எடுத்ததும் குடல் வந்துவிட்டது. 'ஸ்க்ரூ அப்' என்பதும் இப்படியே: முகத்தைச் சேர்த்தால் முகஞ்சுளித்தல், முகத்தை நீக்கினால் காரியத்தைக் கெடுத்தல். உறுப்பு இருந்தாலும் போனாலும் வால் மட்டும் அசையாமல் நிற்பதைக் காண்க. எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணில் நீர் கோத்தலைக் குறிக்கும் 'டியர் அப்', காகிதத்தைக் கிழித்தலைக் குறிக்கும் 'டேர் அப்' இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளால் எழுதுவர். காதலன் கடிதத்தைப் படிக்கும் காதலி நிகழ்காலத்தில் என்ன செய்கிறாள் என்பது வாசகனுக்கு எட்டாது. இறந்தகாலத்துக்குப் போனால்தான் அழுதவள் ஒரு வடிவமும் கிழித்தவள் வேறொரு வடிவமும் பெறுகிறாள். ஆங்கிலக் கதாசிரியர் பலர் இறந்தகாலத்திலேயே கதை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். ஆகாவிடினும் கட்டுரைக்கு அழகு.

அடுத்து 'ஆஃப்'. இது தள்ளிவிடும் வால். 'பிரஷ் ஆஃப்' என்றால் தூசியைத் தட்டுவதுபோல் ஆளைத் தட்டிவிடுதல், 'லாஃப் ஆஃப்' என்றால் சிரித்தே மழுப்புதல், 'ஷ்ரக் ஆஃப்' என்றால் தோள் குலுக்கிக் கவலையை உதறுதல். கடைசியதற்கு உயர்ந்த சாட்சி ஒருவர் இருக்கிறார். சார்லஸ் டார்வின் 1872-இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி நூல் எழுதுமுன் உலகெங்கும் இருந்த சமயப் பணியாளர்க்கும் அதிகாரிகளுக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பினார். என்னால் ஆகாது என்று காட்ட உங்கள் ஊர்க்காரர் தோளைத் தூக்கி, முழங்கையை ஒடுக்கி, உள்ளங்கையை விரிக்கிறார்களா என்பது அதில் ஒரு கேள்வி. விடைகளைத் தொகுத்தவர் தம் சொந்த நாட்டைப் பற்றிச் சொன்னது முக்கியம்: பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் குலுக்குகிற அளவுக்கு ஆங்கிலேயர் தோளைக் குலுக்குவதில்லை. அதாவது தோளை அதிகம் அசைக்காத மக்கள்தாம் 'ஷ்ரக் ஆஃப்' என்ற வினையைக் கையில் வைத்திருக்கிறார்கள். தோள் செய்யாத வேலையை வால் செய்கிறது. இக்கட்டுரையின் கருத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுவோர் வேறு கட்டுரை படிப்பாராக.

'ஆஃப்' வகையில் தனித்து நோக்கற்பாலது 'நாட் ஆஃப்'. 'நாட்' என்றால் தலையை மேலும் கீழும் அசைத்து இசைவு தெரிவித்தல். 'நாட் ஆஃப்' என்றால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போதல். இரண்டிலும் தலை செல்லும் பாதை ஒன்றே. கீழே போகிறது, மேலே வருகிறது. தொலைவில் நிற்பவர்க்கு வேறுபாடு தெரியாது. அருகில் நிற்பவர்க்கும் தாடை தொங்குகிறதா, கண்ணாடி மூக்குத்தண்டில் சறுக்குகிறதா, கையிலிருந்த பேனா நோட்டில் கோடு இழுத்துக்கொண்டே போகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். ஆகவே ஆங்கிலத்தில் ஒப்புதலுக்கும் உறக்கத்துக்கும் இடையே இருப்பது ஒரேயொரு வால். இதன் விளைவுகள் பாரதூரமானவை. கருத்தரங்க அமர்வுத் தலைவரை எடுத்துக்கொள்வோம். மதிய உணவுக்குப் பிந்திய அமர்வு. மேடையில் சால்வை, பூங்கொத்து, மூடி திறக்காத தண்ணீர்ப் புட்டி. கட்டுரையாளர் 23-ஆம் பக்கத்தைப் படிக்கிறார். தலைவர் தலை அசைகிறது. வாலில்லாமல் அசைகிறது என்று கட்டுரையாளர் குறித்துக்கொண்டு, அறிஞர் இன்னார் ஆமோதித்தார் என்று அடுத்த நூலின் முன்னுரையில் சேர்க்கிறார். அந்த முன்னுரையை மேற்கோள் காட்டி மற்றொருவர் ஆய்வேடு எழுதுகிறார். அதை ஏற்கும் வாய்மொழித் தேர்வில் மீண்டும் மதிய உணவு, மீண்டும் ஒரு தலை அசைவு. ஒருசாரார் நம் ஆராய்ச்சித் துறையில் மேற்கோள் மரபு முழுவதுமே இந்த ஒரு வாலைக் கவனிக்கத் தவறியதால் வளர்ந்தது என்பர். அது மிகைக்கூற்று என்பர் அவரை மறுத்தார். மறுத்தாரை மறுத்தார், அவர் மறுத்தபோது அவையில் பலரும் தலையசைத்தமையால் அம்மறுப்பின் நிலை ஐயத்திற்கிடம் என்பர்.

நம் நாட்டு நூலார் இவ்விடத்தில் கெட்டிக்காரர். நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம் தலையசைவை ஒன்பதாகவும் பார்வையை எட்டாகவும் கழுத்தசைவை நான்காகவும் பிரிக்கிறது. பரதநாட்டியம் கற்கும் சிறுமியர் இன்றும் இவற்றை ஒப்பிக்கிறார்கள். அவ்வொன்பதில் தலையை வட்டமாகச் சுழற்றும் ஆலோலிதம் என்பது தூக்கக் கலக்கத்துக்கும், பேய் பிடித்தற்கும், குடிமயக்கத்துக்கும், மூர்ச்சைக்கும் உரியது. இசைவுக்கு அந்தத் தலை பயன்படாது. தூங்குபவரைப் பேய் பிடித்தவர் வரிசையில் சேர்த்தாலும் சேர்ப்பேன், ஒப்புக்கொண்டவர் வரிசையில் சேர்க்கமாட்டேன் என்ற அந்த எச்சரிக்கையைக் கருத்தரங்க ஏற்பாட்டாளர்கள் மேசைமேல் ஒட்டிவைத்தல் நலம்.

'இன்' எனும் வால் நெருங்கும், 'அவுட்' எனும் வால் பிதுங்கும். 'அலாங்' பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தில் சேராதது; வகைப்பாடு முழுமை பெறுவதற்காகப் பெயர் மட்டும் சொல்லப்பட்டது. 'டவுன்' என்னும் வால் மட்டும் சற்று நின்று பார்க்கத் தக்கது, ஏனெனில் அங்கே உறுப்பே வினையாக மாறிவிடுகிறது. முதுகைக் குறிக்கும் 'பேக்' வினையானால் என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது. 'பேக் டவுன்' என்றால் வீம்பைக் கைவிட்டு இறங்கிவருதல். 'பேக் அவுட்' என்றால் வாக்குக் கொடுத்துவிட்டு நழுவுதல். 'பேக் ஆஃப்' என்றால் விலகி நில். 'பேக் அப்' என்றால் ஆதரவாக நிற்றல், அல்லது காரைப் பின்னால் எடுத்தல். ஒரே முதுகு துரோகமும் செய்கிறது, துணையும் நிற்கிறது. விரல் முட்டியைக் குறிக்கும் 'நக்கிள்' இன்னும் பாவம்: 'நக்கிள் டவுன்' என்றால் கருமமே கண்ணாக வேலையில் இறங்குதல், 'நக்கிள் அண்டர்' என்றால் அடிபணிதல். அலுவலகங்களில் இரண்டும் ஒன்றே என்று சிலர் கருதலாம். அது இலக்கணத்துக்குப் புறம்பான கருத்து.

இனித் தடைவிடை. அஃதேல், திசைச்சொல்லே எல்லாம் என்றால், குட்டையான அதிகாரி நெட்டையான கடைநிலை ஊழியரை 'லுக் டவுன் ஆன்' செய்வது எப்படி எனின், நல்ல வினா. அங்கே வால் இரண்டு என்க. ஒற்றை வால் உடம்பைவிட்டு முற்றும் அகல்வதில்லை; 'லுக் டவுன்' என்று நிறுத்தினால் கண் உண்மையாகவே தரையைப் பார்க்கிறது. 'ஆன்' சேர்ந்த கணமே கண்ணுக்கு விடுமுறை கிடைத்துவிடுகிறது. படுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வேறு ஊரில் இருந்துகொண்டும் ஒருவரை இளக்காரமாக நினைக்கலாம். 'லுக் அப் டு', 'ஃபேஸ் அப் டு' ஆகியவற்றுக்கும் இது ஒக்கும். இரட்டை வால் வந்தால் உடம்பு வீட்டுக்குப் போகலாம் என்பதே விதி. விதிக்கு அடங்காதனவும் உள. அவற்றை வந்துழிக் காண்க. (வந்துழிக் காண்க என்பது எடுத்துக்காட்டு கையில் இல்லாதபோது உரையாசிரியர் வழங்கிய அருமையான தொடர். பின்வந்தோர் எத்தனை பேர் போய்க் கண்டனர் என்பது வேறு ஆய்வுக்குரியது.)

அற்றன்று, தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடு கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் வைத்து முப்பத்திரண்டு ஆக்கியிருக்க, ஐந்து வாலால் உலகத்தை அளப்பது எவ்வாறு என்பார் உளர். தொல்காப்பியர் எண்ணியது காரணங்களை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கால் சிரிப்பு பிறக்கும் என்றவர், சிரித்தவர் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்று கேட்கவில்லை. ஆங்கிலம் ஏன் சிரித்தாய் என்று கேட்பதே இல்லை; எந்தப் பக்கம் என்றுதான் கேட்கும். இரண்டும் இரு வேறு துறைகள், இரு வேறு துறைத்தலைவர்கள். ஒரு துறையின் கோப்பு மற்றொன்றுக்குப் போகாது.

இன்னுமொரு தடை வலுவானது. தமிழிலும் வினைக்குப் பின்னால் வால் உண்டே என்பது அது. சிரித்துவிட்டான், சிரித்துவைத்தான், சிரித்துக்காட்டினான், சிரித்துத் தொலைத்தான். உண்மைதான். ஆனால் இந்த வால்களுள் ஒன்றாவது சிரித்தவன் உடம்பைப் பற்றி வாய் திறக்கிறதா? 'சிரித்துத் தொலைத்தான்' என்பதில் தொலைந்தது எவனுடைய பொறுமை? பேசுகிறவனுடையது. 'சிரித்துவைத்தான்' என்பதில் அந்தச் சிரிப்பு தேவையில்லாதது, அதனால் ஏதோ வம்பு வரப்போகிறது என்ற கவலை யாருடையது? அதுவும் பேசுகிறவனுடையது. ஆங்கில வால் செய்தவனின் திசையைக் காட்டும். தமிழ் வால் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் எரிச்சலைக் காட்டும். செய்தவனின் உடம்பைச் சொல்ல வேண்டுமானால் தமிழர் வாலை நம்புவதில்லை, நேரே உறுப்பையே பிடிப்பர்: உதட்டைப் பிதுக்கினாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பல்லை இளித்தான், மூக்கைச் சிந்தினாள், கழுத்தை நொடித்தாள். உறுப்பு அகப்படாதபோது திரவமாக்கிவிடுவர்; தூங்கி வழிவான், அசடு வழிவான். இரு மொழி உடம்புகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, அது தரை. அடக்க முடியாமல் சிரித்தலைப் பிரிட்டிஷ் ஆங்கிலம் 'ஃபால் அபௌட்' என்கிறது, நாம் விழுந்து விழுந்து சிரித்தல் என்கிறோம். இரு நாட்டிலும் யாரும் விழுவதில்லை. ஒப்பியல் ஆய்வாளர்க்கு இதில் ஆறு கட்டுரைக்கு இடமிருக்கிறது. ஒன்றைத்தான் எழுதி ஆறாகப் பிரிப்பர்.

கடைசித் தடை, பேச்சில் சொல்லுக்கு ஏழு விழுக்காடுதான் மதிப்பு, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று ஆல்பர்ட் மெஹ்ராபியன் கண்டிருக்க, சொல்லைக் கட்டிக்கொண்டு இத்தனை பக்கம் அழுவானேன் என்பது. ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி வகுப்புகளில் இந்த எண்கள் திரையில் வராத நாளில்லை. மெஹ்ராபியன் பேசியது விருப்பு வெறுப்பு போன்ற உணர்ச்சியைச் சொல்லும்போது வாயும் முகமும் முரண்படும் இடத்தைப் பற்றி மட்டுமே. அவரே அதைத் தெளிவுபடுத்தியும் இருக்கிறார். பேச்சனைத்துக்கும் அது பொருந்துமாயின் அந்தப் பயிற்சியாளர் தம் கட்டணத்தில் 55 விழுக்காட்டை முகத்தைக் காட்டியே வாங்கியிருக்க வேண்டும். சொல்லே வேண்டாம் என்று உண்மையிலேயே துணிந்தவர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும். அவர்கள் 1978-இல் முகத் தசைகளின் அசைவுகளுக்கு எண் கொடுத்துவிட்டனர். உதட்டோரம் மேலே போனால் 12. கண்ணோரத் தசையும் சேர்ந்து கன்னம் உயர்ந்தால் 6. ஆறும் பன்னிரண்டும் சேர்ந்தால் மனமாரச் சிரிப்பு. வால் இல்லை, வினை இல்லை, மொழியே இல்லை. ஆனால் இந்த முறையில் காதல் கடிதம் எழுதப் பார்த்தவர்க்கு அதன் குறை விளங்கும்.

எனவே வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். கோடிட்ட இடத்தைத் தகுந்த முன்னிடைச்சொல்லால் நிரப்புக என்ற வினாவில் இதுகாறும் வினையை அச்சிட்டு வாலுக்குக் கோடு போட்டு வந்தீர்கள். பொருள் முழுவதும் இருக்கும் இடத்தைக் காலியாக விட்டு, ஒன்றுமில்லாத இடத்தை அச்சிட்டது நியாயமன்று. இனி வாலை அச்சிட்டு வினைக்குக் கோடு போடுங்கள். மாணவர் அங்கே எதை எழுதினாலும் அரை மதிப்பெண் கொடுங்கள்.